கைமாத்து என்று யாரும் சொல்லவில்லை

1. பால் பவுடர்

அன்று முருகேசன் சௌல்தாரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பத்துபஸ்தியில் என் கடை வாசலில் நின்றான். இரண்டு கைகளிலும் காலிப் பைகள். டவுனுக்கு வெளியே சௌல்தாரியில் அவனுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை; சரக்குத் தீர்ந்தால் என்னிடம் வருவான். அவனும் அவன் மனைவியும்தான் அங்கே எல்லாம்.

"அக்கா, பால் பவுடர் சுத்தமா இல்ல. எண்ணெயும் முடியப்போகுது. பிள்ளைக்காரங்க வந்து வந்து திரும்பிப் போறாங்க."

கடல் மோசம் என்று எங்கள் தீவுக்கு வரும் சரக்குக் கப்பலைச் சென்னையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். என்னிடமும் பால் பவுடர் தீர்ந்திருந்தது. அதற்காக நான் கவலைப்படவில்லை. எதிர்க்கடை பிஸ்வாஸிடம் எப்போதும் இரண்டு பெட்டி கூடுதலாக இருக்கும். அவருக்கு இல்லாதபோது என்னிடம் வருவார். எனக்கு இல்லாதபோது நான் போவேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது.

ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டேன். பிஸ்வாஸ் வங்காளி. பாதி இந்தி, பாதி எங்களிடம் கற்ற தமிழ் என்று பேசுவார். அக்கா என்பதற்கு அவருக்குத் தீதி. என் முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நஹீ தீதி. இந்த வாட்டி முடியாது."

"தீந்துபோச்சா?"

"இருக்கு. குடுக்க முடியாது. நயா கானூன் வருது. புதுச் சட்டம்."

"என்ன சட்டம்?"

போனை எடுத்துக் காட்டினார். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு பக்கம். மேலே சிங்க முத்திரை. அதற்குள் விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கியது. எங்கள் பகுதியில் விமானம் வந்தால் அது போகும்வரை யாரும் பேச முடியாது. அந்தச் சத்தத்தில் நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் அடங்கியதும் அவர் திரும்பவும் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

முருகேசன் காலிப் பைகளோடு பஸ் ஏறினான்.

2. கைமாத்து என்றால் என்ன

இப்போது கடை போடும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அதனால் சொல்கிறேன்.

நான் கடை திறந்த முதல் நாள், வாங்கி வைத்திருந்த துவரம்பருப்பு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. சிறிது நேரத்தில் பிஸ்வாஸ் கடை ஆள் ஒரு மூட்டை துவரம்பருப்பைக் கொண்டுவந்து இறக்கினான். நான் கேட்கவே இல்லை. ஏதோ ஏமாற்று வேலை, நாளைக்கு இரண்டு மடங்கு பில் வரும் என்று நினைத்தேன். மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் அனுப்பினேன். மூன்றாவது தடவை பிஸ்வாஸே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தீதி, என் ஆளுக்கு இடுப்பு போயிடும். இத வச்சுக்கோ. உன் சரக்கு வந்ததும் ஒரு மூட்டை குடு. பைசா வேணாம்."

அதுதான் கைமாத்து. மூட்டைக்கு மூட்டை, பெட்டிக்குப் பெட்டி. அதே கம்பெனி, அதே எடை. லாபம் கிடையாது, பில் கிடையாது. எலி கடித்த மூட்டையையோ தேதி முடியப்போகும் பாக்கெட்டையோ திருப்பிக் கொடுத்தால் அடுத்த தடவை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குக் கதவு திறக்கமாட்டார். அந்தப் பயமே எங்களுக்குப் போதுமான சட்டமாக இருந்தது.

மெயின்லேண்டில் இது தேவைப்படாது. அங்கே சரக்குத் தீர்ந்தால் போன் போட்டதும் வண்டி வரும். இங்கே எங்களுக்குக் கப்பல்தான் வண்டி. அது வராத வாரத்தில் ஒரு கடையில் எண்ணெய் இருக்கும், இன்னொன்றில் ஆட்டா இருக்கும், மூன்றாவதில் சோப்பு மட்டும் இருக்கும். மாற்றிக்கொண்டால் மூன்று கடையும் திறந்திருக்கும்.

3. வரைவு

வாட்ஸப்பில் வந்த ஒரு பக்கத்தை நம்பாமல், புதுச் சட்டத்தின் முழு வரைவையும் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். புரியாத இடத்தில் என் மருமகளைக் கேட்டேன்.

விஷயம் இதுதான். கடையில் இருக்கும் உணவுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடையின் பெயரிலேயே கொள்முதல் பில் இருக்க வேண்டும். பில்லில் பேட்ச் நம்பர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உரிமமில்லாத சரக்கு. பறிமுதல், அபராதம்.

நோக்கம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தேதியைத் தின்னர் வைத்து அழித்துப் புதுத் தேதி குத்திய பிஸ்கட் பாக்கெட்டை நானே பார்த்திருக்கிறேன். அதை விற்றவனை உள்ளே தள்ள வேண்டும். ஆனால் அவனைப் பிடிக்க விரித்த வலையில் நாங்கள் எல்லோரும் மாட்டினோம்.

கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தது. இது வரைவு மட்டுமே, ஆட்சேபணைகளை எழுதி அனுப்பலாம். அந்தப் பக்கம் யாருடைய வாட்ஸப்பிலும் வரவில்லை.

பிஸ்வாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது இன்னும் சட்டம் இல்ல. படிங்க."

"தீதி, பாம்பு பாதி உள்ள வந்தாலும் பாம்புதான்" என்றார்.

மொத்த வியாபாரியின் சேல்ஸ்மேன் ஒருவன் எங்கள் பக்கம் வருவான். ராமநாதபுரத்துக்காரன். எனக்கும் அந்த ஊர்தான் என்பதால், எங்கள் பக்கத்தில் அக்காவைக் கூப்பிடுவது போல லாத்தா லாத்தா என்று உருகுவான். அந்த வாரம் அவன் முகத்தில் கல்யாணக் களை.

"லாத்தா, சட்டம் வருதுல்ல. இனிமே எதிர்க்கடை, பக்கத்துக் கடைன்னு போனா ஆபத்து. நம்மகிட்டயே பில் போட்டு எடுத்துருங்க. ஆனா மினிமம் ஆர்டர் பத்து கேஸ்."

"பத்து கேஸ் வச்சு நான் என்னடா பண்ண? அடுக்கி மேல படுத்துக்கவா?"

"கப்பல் லேட்டானா உங்களுக்கே உதவும் லாத்தா."

"அல்லா உன்ன நல்லா வச்சிருக்கட்டும். கிளம்பு."

நான் விரட்டினேன். முருகேசனால் விரட்ட முடியவில்லை. போனில் குரல் உடைந்திருந்தது.

"எடுத்துட்டேன்க்கா. இன்ஸ்பெக்டர் வந்தா பில் வேணும்ல. பிஸ்கட் பத்து கேஸ், ஆட்டா பத்து மூட்டை."

"டேய், உன் ஊர்ல மொத்தம் எத்தன வீடு? வருஷம் பூரா பிஸ்கட்டே தின்னாலும் தீராதே."

"தெரியுதுக்கா. பயமா இருக்கு."

இங்கே மழைக்காலத்தில் ஈரம் எங்கும் புகும். பிஸ்கட் நமத்துப்போனது. ஆட்டாவில் வண்டு வைத்தது. ஊர்க்காரர்கள் கேட்ட பால் பவுடரும் எண்ணெயும் மட்டும் அவனிடம் இல்லை. அவர்கள் பஸ் ஏறி டவுனுக்கு வர ஆரம்பித்தார்கள். டவுனுக்கு வந்தவர்கள் பால் பவுடரை மட்டுமா வாங்குவார்கள்? மொத்த மாதச் சாமானையும் வாங்கிப் போனார்கள்.

4. கூட்டம்

வரைவைப் பற்றிக் கருத்துக் கேட்க அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். முருகேசனைக் கூப்பிட்டேன்.

"நான் வரலக்கா. வந்தா என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க."

"யாருடா உன்னப் பிடிக்கப்போறது? நீ என்ன தங்கமா கடத்துன?"

வரவில்லை. ஆனால் டவுனில் இருந்த கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிஸ்வாஸ் எனக்கு முன் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் சங்கத் தலைவர் முதலில் பேசினார். சரக்குக் கட்டணம் அதிகம் என்றார். இன்டர்நெட் வேகம் இல்லை என்றார். டூரிஸ்ட் வளர்ச்சி, தீவுகளின் எதிர்காலம் என்று எங்கெங்கோ போனார். கைதட்டினார்கள். அடுத்தவரும் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். வாசலில் கைமாத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த ஒருவரும் மைக் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயம்.

அதிகாரி நடுவயதுக்காரர், சத்தம் போடாத ஆள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்தியில் கேட்டார்.

"இந்தக் கொள்முதல் பில் பிரிவு இருக்கே. சொந்த பில் இல்லாம, வேற கடைச் சரக்கை வாங்கி விக்கிறவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்லையா? அப்போ இதுல உங்களுக்குப் பாதிப்பு இல்லன்னு எழுதிக்கலாமா?"

பேனாவைத் திறந்தார். சங்கத் தலைவர் தண்ணீர் குடித்தார். சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கடைக்கும் ஏதாவது ஒரு தடவை என் மூட்டை போயிருக்கிறது, அல்லது அவர்கள் மூட்டை என்னிடம் வந்திருக்கிறது.

எழுந்தேன்.

"எழுதாதீங்க சார். நான் விக்கிறேன்."

எல்லாத் தலையும் திரும்பியது.

"பில் இல்லாமலா?"

"பில் அவர்கிட்ட இருக்கு. சரக்கு என்கிட்ட இருக்கு. கப்பல் உங்ககிட்ட இருக்கு. கப்பல் நேரத்துக்கு வந்தா நான் ஏன் அடுத்த கடைக்குப் போறேன்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"தேதி அழிச்ச சரக்கும் இப்படித்தான் கடைக்குக் கடை மாறுது. அதை எப்படித் தடுக்கச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கொடுக்கிறவர் ஒரு சீட்டுல கடைப் பேரு, பேட்ச் நம்பர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அவர் பில் அவர்கிட்ட இருக்குமே. சந்தேகம்னா ரெண்டு கடைக்கும் வாங்க. அந்தச் சீட்டு செல்லும்னு சட்டத்துல எழுதுங்க. அது போதும்."

"உங்க பேரு, லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க."

லைசென்ஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். சொன்னேன். அவர் எழுதினார்.

"இதே மாதிரி செய்றவங்க வேற யாரு?"

பிஸ்வாஸின் முதுகைப் பார்த்தேன். அந்த முதுகு அசையவில்லை. வேறு யாரும் எழவில்லை. "ஒருவர் மட்டும்" என்று எழுதியிருப்பார். வேறு எப்படி எழுதுவார்?

5. அதற்குப் பிறகு

டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஊருக்கெல்லாம் வாய் இல்லையா? உனக்கு மட்டும்தான் அல்லா குடுத்தானா?" என்றார். அன்றிரவு எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். அரிசி டப்பா முதல் ஊறுகாய் வரை புரட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. போய்விட்டார். அதற்குப் பிறகு வாசலில் எந்த ஜீப் நின்றாலும் எனக்குக் கை வேலை ஓடாது. பொட்டலம் மடித்துக்கொண்டே ரோட்டைப் பார்ப்பேன். தெரிந்தவர்கள்கூடக் கடைக்குள் வராமல் வெளியே நின்று பேசிவிட்டுப் போனார்கள். வரைவு என்ன ஆனது என்று ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்.

ஒரு நாள் அந்த அதிகாரியே லைனில் வந்தார். "நீங்க சொன்ன சீட்டு விஷயத்தைக் குறிப்புல சேர்த்திருக்கோம். இன்னும் முடிவாகல."

"அதுவரைக்கும் நாங்க கொடுக்கலாமா, கூடாதா?"

"இது வரைவுதானே அம்மா. இன்னும் அமலுக்கே வரல. உங்களை யாரு நிறுத்தச் சொன்னது?"

போனை வைத்துவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

ரோட்டைத் தாண்டிப் போய் பிஸ்வாஸ் கடை நடுவில் நின்று, வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, அதிகாரி சொன்னதைச் சத்தமாகச் சொன்னேன். அடுத்த கப்பலும் தாமதம் என்று செய்தி வந்த அன்று, தோளில் ஒரு பெட்டி, கையில் ஒரு பெட்டி என்று அவரே என் கடைக்கு வந்தார். பால் பவுடர்.

"சீட்டு எழுது தீதி. என் பேரைப் பெருசா எழுது."

"அன்னிக்குக் கூட்டத்துல இந்தப் பேரு எங்க போச்சு?"

"பயம், தீதி. டர் லக்தா ஹை. உனக்கு இல்லையா?"

"எனக்கும்தான்" என்றேன். எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நானே சௌல்தாரி பஸ்ஸில் ஏறினேன். முருகேசன் கடை பூட்டியிருந்தது. பலகை அலமாரியைக்கூடக் கழற்றி விற்றுவிட்டான். அவன் வீட்டு வாசலில் ஒரு டூரிஸ்ட் கார் நின்றது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதைக் கழுவிக்கொண்டிருந்தான். யாருடைய காருக்கோ டிரைவர்.

"டேய், சட்டம் இன்னும் வரவே இல்லடா. ஆபீஸர் சொல்லிட்டாரு."

கையில் ஈரத்துணியோடு சிரித்தான்.

"சட்டம் வராட்டி என்னக்கா, கடை போயிருச்சுல்ல."

பெட்டியை அவன் மனைவியிடம் கொடுத்து, தெருவில் உள்ள பிள்ளைக்காரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வரைவு என்று ஒன்று வந்தால் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அமலுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வராததற்குப் பயந்து பத்து கேஸ் வாங்காதீர்கள். கருத்துக் கேட்கக் கூப்பிட்டால் தீவுகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசாதீர்கள், உங்கள் கடையில் நடப்பதைப் பேசுங்கள். இப்படிச் செய்கிறவர் யார் என்று கேட்டால் எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

அன்று நான் ஒருத்தி எழுந்தேன். ஒருத்தி போதவில்லை.