அங்கே பார்க்கிறார்கள், இங்கே பார்க்கிறார்கள்

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "கனடாவுல புள்ள, இங்க தங்கச்சி, பென்ஷன், இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தும் ஹார்ட்டை ஏன் முன்னாடியே பாக்கல?" சிலர் என்னிடம் கேட்காமல், என் காதில் விழும்படி, "பெத்த புள்ளையே கவனிக்கலைன்னா வேற யாரு கவனிப்பா?" என்று பேசிக்கொண்டீர்கள். அன்றைக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்கும் பெரிதாக இல்லை. ஆனால் அக்காவின் ஒரே மகன் சாமுவேல் தலையில் அந்தப் பழி உட்கார்ந்திருப்பதை இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். நெஞ்சில் தூசி ஏறி அவர் வேலையை விட்டபோது அக்காவுக்குப் பள்ளிப் படிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. மேலே படிக்க ஆசை இருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. தட்டச்சுக் கற்றுக்கொண்டு, விடிவதற்கு முன் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பினார். பிறகு ஓர் அரசுத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கேயே ஜீவனஹள்ளியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் சேர்ந்தது அக்காவின் சம்பளத்தில்தான். அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். தங்கமான மனிதர், ஆயுள்தான் இல்லை. சாமுவேல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அக்கா நாலு நாள் அழுதார், ஐந்தாம் நாள் அலுவலகம் போனார். மகனைப் படிக்கவைத்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையில் சேர்த்து, கம்பெனி வண்டி வரும் முன் தினமும் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினார். அவன் கனடாவுக்குப் போகிறேன் என்றபோது, "போயிட்டு வா" என்று ஒரே சொல்தான். அன்று மாலை மாடியில் என்னிடம் வந்து, "வந்துடுவான் இல்ல?" என்று கேட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இப்போதும் யாரும் கேட்க வேண்டாம். மாமா போனபின் மாடியில் நான், கீழே அக்கா என்று வாழ்ந்தோம்.

சாமுவேல் வரவில்லை. கல்யாணமாகி, இரண்டு குழந்தைகளாகி, டொராண்டோவிலேயே வீடு வாங்கிவிட்டான். அதனால் அக்கா போக ஆரம்பித்தார். அங்கே பனி கரைந்ததும் போவார், அக்டோபர் கடைசியில் திரும்பி வந்துவிடுவார். நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று வங்கிக்குச் சான்று காட்ட வேண்டும். "நான் உசிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கு பாரு" என்று விமான நிலையத்திலிருந்து வரும்போது ஒவ்வொரு வருடமும் அதே பேச்சுத்தான். வந்த மறுநாளே வங்கி. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. புறப்படும் முன் மருந்துக் கடையில் ஆறு மாதத்துக்கு மாத்திரை. அதை எடுத்துப் போக டாக்டரிடம் சீட்டு. பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் மறுபடி கட்ட வேண்டிய நேரம் வந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே அலுப்பாக இருக்கும்.

அக்கா போகும்போது இந்திய எண் உள்ள தன் போனை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். வெளிநாட்டில் அதை உபயோகித்தால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் வங்கி, இன்சூரன்ஸ், கேஸ் சிலிண்டர் எதற்கும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அங்கே காலை காப்பி குடித்துவிட்டு அக்கா கணினியில் உட்காரும்போது இங்கே சாயங்காலம். நான் பெண்கள் ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் இருப்பேன். ஒரு கையில் அக்காவின் போன், மறு கையில் என் போன், அதில் அக்கா. "வந்துச்சா? சீக்கிரம் சொல்லுடி, நேரம் முடிஞ்சுடும்!" இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுதான் அதிலேயே எழுதியிருக்கும். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் அதை ஆலயத்து வாசலில் நின்று கத்துவேன். ஒரு முறை ஆயர் வெளியே வந்து, "டீச்சர், இப்போ சபைக்கே உங்க அக்கா கணக்கு தெரியும்" என்றார். அக்காவிடம் சொன்னேன். "அதுல என்ன இருக்கு, தெரிஞ்சா தெரியட்டும்" என்று சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சேதியும் அக்கா வழியாகத்தான் போகும், வரும். சாமுவேல் போன் செய்தால் என்னிடம், "நல்லா இருக்கீங்களா சித்தி?" நான், "நல்லா இருக்கேம்பா." அவ்வளவுதான், போன் அக்கா கைக்குப் போய்விடும். அவனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அக்கா சொன்னது. எனக்கு அவனைப் பற்றித் தெரிந்ததும் அக்கா சொன்னதே. அன்பு இல்லாமல் அல்ல. நடுவில் அக்கா இருக்கும்போது தனியாகப் பேசத் தேவையே வந்ததில்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கடைசிக்கு முந்தின பயணத்துக்கு முன் அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வழக்கமான பரிசோதனைக்கு நான் கூட வருகிறேன் என்றேன். "ரத்தம் எடுக்கத்தானே, நீ எதுக்கு வெயில்ல?" என்று ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஸ்கேனும் எடுத்துப் பாத்தாங்க. ஹார்ட்ல ஒரு வால்வு கொஞ்சம் டைட்டா இருக்காம். பயப்பட ஒண்ணுமில்ல. அங்க போய்ப் பாத்துக்கலாம். கனடாவுல டாக்டருக்குக் காசே கிடையாது, தெரியுமில்ல?"

நான் நம்பினேன். நம்மில் யார்தான் நம்பவில்லை? அங்கே எல்லாம் இலவசம் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. மகனைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனி இன்சூரன்ஸ். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது செல்லாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்காவுக்கு அப்போதே தெரியும்.

அங்கே அக்கா மூச்சு வாங்குவதைச் சாமுவேல் கவனித்தான். கவனிக்காமல் இல்லை. கேட்டான். "பெங்களூர்ல பெரிய டாக்டரே பாத்துட்டாரு. மருந்து கொடுத்திருக்காரு. திரும்பிப் போனதும் அவரே மேல பாப்பாரு. இன்சூரன்ஸ் எல்லாம் அங்கதானே இருக்கு" என்றிருக்கிறார் அக்கா. "சித்திக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். "அவதானே என்னைக் கூட்டிட்டுப் போனா!" என்னைச் சாட்சிக்கு இழுத்து அக்கா சொன்ன பொய் இது. வாழ்நாளில் அலுவலகப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத பெண்மணி.

அக்டோபரில் வந்ததும் நான் கேட்டேன். "அங்க பாத்தாங்களாக்கா?"

"பாக்காம? மாத்திரை கொடுத்திருக்காங்க. அடுத்த தடவை வரும்போது மறுபடி பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

வெளிநாட்டு எழுத்துப் போட்ட பெரிய டப்பா ஒன்றையும் காட்டினார். தினமும் காலையில் அதிலிருந்து ஒன்று போட்டுக்கொள்வதை நானே தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். பிறகு தெரிந்தது, அது எலும்புக்குப் போடும் கால்சியம். அந்த வருடம் பண்டிகைக்கு முறுக்கு சுற்றினார், எனக்கு இரண்டு ரவிக்கை தைத்தார், சான்று கொடுத்தார், பரிசோதனைக்கு மட்டும் போகவில்லை. "அங்க எல்லாம் எடுத்தாச்சு, எத்தனை தடவைதான் குத்திக்கறது?" மறுபடி பனி கரைந்தது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். "எல்லாரும்தான் எடுத்துக்கறாங்க, வரிசையில நிக்க வேணாம் பாரு" என்று கையசைத்துவிட்டுப் போனார்.

உண்மை வெளியே வந்தது வங்கியால்தான். அக்காவின் அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்கவில்லை என்று கணக்கை நிறுத்திவிட்டார்கள். நான் கிளைக்குப் போய் நின்றேன். "கஸ்டமர் நேர்ல வரணும் மேடம், இல்லைன்னா அங்க தூதரகத்துல கையெழுத்து வாங்கி அனுப்பணும்." அவர்கள் சட்டம், அவர்களைக் குறை சொல்லவில்லை. எந்தக் காகிதம், யார் கையெழுத்து என்று கேட்கச் சாமுவேல் என் போனுக்கே கூப்பிட்டான். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். முதல் முறையாக நானும் அவனும் கால் மணி நேரம் பேசினோம். வைக்கப் போகும்போது கேட்டான்.

"சித்தி, அம்மா வால்வுக்கு அங்க டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? ரொம்ப மூச்சு வாங்குது. நீங்க கூட்டிட்டுப் போனீங்களே?"

"நானா? நீதானே அங்க பாத்துக்கிட்டு இருக்கே!"

"இங்க எங்க சித்தி? இங்க ஒரு டாக்டர்கூடப் பாத்ததில்லையே. அங்க பாக்கறாங்கன்னுதானே அம்மா..."

அவன் அழுவது கேட்டது. பார்த்துக்கொள்ள இரண்டு வீடு இருந்தும் அக்காவை யாருமே பார்க்கவில்லை.

அங்கேயே காசு கட்டி அறுவை செய்ய எங்களால் ஆகாது என்று இரண்டே நாளில் தெரிந்தது. விமானத்தில் ஏறுவதும் ஆபத்து என்றார்கள். சாமுவேல் விடுப்புப் போட்டு, டாக்டரிடம் அனுமதி வாங்கி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அம்மாவைப் பெங்களூர் கொண்டுவந்து சேர்த்தான். ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் மேசை, வங்கி என்று மூன்றுக்கும் நடுவே அவன் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். நின்றபடியே தூங்கினான். கவனிக்காத பிள்ளை என்று சொன்னவர்கள் தயவு செய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

"போன வருஷமே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். அறுவைக்கு முந்தின நாள், சாமுவேல் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது நான் அக்காவைக் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணே?"

"ஒங்கிட்ட சொல்லியிருந்தா நீ என்னை ப்ளைட்ல ஏத்தியிருப்பியா? அவங்கிட்ட சொல்லியிருந்தா அவன் திருப்பி அனுப்பியிருப்பானா? ரெண்டு பேருல யாரை விடச் சொல்றே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு வருடத்தில் அது குறையவும் இல்லை. என்னை விட்டுவிட முடியவில்லை என்று அவர் சொன்னதையும் சேர்த்துத்தான் கோபப்படுகிறேன்.

வால்வு மாற்றினார்கள். ஆனால் இருதயம் களைத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து கிறிஸ்துமஸையும் பார்த்தார். சாமுவேலின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர, ஒரே கூரையின் கீழே எல்லாரும் இருந்த கிறிஸ்துமஸ் அது. எனக்குத் தெரிந்து அக்கா யாரையும் நினைத்து ஏங்காமல் சாப்பிட்ட பண்டிகைச் சாப்பாடு அதுதான். விடுப்பு முடிந்து அவர்கள் போனார்கள். ஜனவரியில் ஒரு காலை, காப்பி ஆறிப்போய் இருந்தது. நான் கூப்பிட்டேன், அக்கா எழுந்திருக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் அக்காவை அம்மா என்று அழைத்த செவிலியர்கள். அடக்கம் வரை கூட நின்ற ஆயர் ஐயா, சபையார். அக்கா படுத்திருந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டுச் சரோஜம்மா. நன்றி என்றால் அவர், "சும்னே இரி டீச்சரே" என்று, சும்மா இருங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லி என்னை அதட்டுவார். வங்கியிலிருந்து கையெழுத்துக்காக வீடு தேடி வந்த அந்தப் பெண். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்கு அன்று தோன்றவில்லை. பெயர் விட்டுப்போன மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் வயதாகிறது.

சாமுவேல் இப்போது தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிடுகிறான். பேசப் பெரிதாக ஒன்றும் இருக்காது. என்ன சமைத்தேன், அங்கே எவ்வளவு குளிர் என்று போகும். நேற்று, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா சித்தி?" என்றான். போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லப்பா" என்றேன். "நாலு நாளா போடல. தீந்துபோச்சு. காலும் வீங்கியிருக்கு. டாக்டர்கிட்ட போக அலுப்பா இருக்கு."

"நாளைக்குப் போங்க சித்தி. போன்ல நானும் கூட வர்றேன். டாக்டர் சொல்றதை நான் நேரா கேக்கணும்" என்றான்.

சரி என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் கிளம்ப வேண்டும்.