கேஸ்ட்ரிக் என்று சொல்லிவிட்டேன்

இல்லை, கேஸ்ட்ரிக் இல்லை. மாதவிடாய் வலிதான். அதை வேனில் சொல்ல வாய் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில், 'மாதவிடாயைப் பற்றி வெட்கப்படாமல் பேசுவோம்' என்று மேடையேறிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

இன்று காலை புக்கிட் ரோத்தானில் தொழிற்சாலை வேனில் ஏறியதும் அடிவயிறு முறுக்கியது. குனிந்து உட்கார்ந்தேன். வேன் ஓட்டும் அங்கிள் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா?"

"கேஸ்ட்ரிக், அங்கிள்."

"பசியாறாம ஏறினா வராம என்ன செய்யும் லா?"

வேன் ரொட்டி சானாய் கடையில் நின்றது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு நன்மை, வெறும் வயிற்றில் போடக் கூடாத வலி மாத்திரையை விழுங்க முடிந்தது.

பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான தேநீரும் வாங்கிக்கொண்டேன். வேன் கிளம்பியதும் அதை அடிவயிற்றில் அழுத்தி வைத்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

"தே ஆறிடும் பாப்பா, குடி," என்றார் அங்கிள்.

பக்கத்தில் இருந்த மாலதி அக்கா எனக்காகப் பதில் சொன்னார். "விடுங்க அங்கிள். இந்த கேஸ்ட்ரிக்குக்கு அப்படித்தான் வைக்கணும். எனக்கும் மாசா மாசம் வருது."

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். மேடைப் பேச்சாளர் அப்போதும் வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் தோழிகளே, உங்கள் வேனில் இதற்கு என்ன வியாதி என்று பெயர்? சொல்லுங்கள், அடுத்த மாதத்துக்கு உதவும்.

மாலையில் இறங்கும்போது, "அங்கிள், காலையில அது கேஸ்ட்ரிக் இல்ல, பீரியட்ஸ்," என்றேன்.

"சரிம்மா. கதவ நல்லா சாத்து," என்றார்.

சாத்தினேன்.