மீனிலும் கோழியிலும் ஒரே உருண்டை

திருப்பதியில் நானும் என் தோழியும் விலங்கியல் ஆராய்ச்சி மாணவிகள். அவள் சத்தியவேட்டுப் பக்கம், நான் புத்தூர். ஒரே விடுதி அறை, ஒரே மைக்ராஸ்கோப். மண்புழு, மீன், கோழி என்று வரிசையாக எடுத்து, செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகள் எப்படி மாறி வந்திருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. ஆதியில் ஒரு செல் ஒரு பாக்டீரியாவை விழுங்கியதையும், அது செரிக்காமல் உள்ளேயே தங்கி மைட்டோகாண்ட்ரியா ஆனதையும் அவள் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"வீட்டோட மாப்பிள்ளையா வந்து குந்திக்கினான்டி. மரபணுச் சொத்துல முக்கால்வாசியை மாமியார் வீட்டுக்கே எழுதிக் குடுத்துட்டான். ஆனா அவன் இல்லாம அங்க அடுப்பு எரியாது!"

புத்தகம் படித்து எனக்கு ஒருநாளும் இப்படிப் புரிந்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

ஆயுத பூஜைக்கு லேபில் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருடம் நான்தான் வைத்தேன். அடுத்த வாரம் அவள் துள்ளிக் குதித்தாள். மண்புழு, மீன், கோழி மூன்றின் செல்லிலும் ஒரே மாதிரி மங்கலாக ஒரு உருண்டை. எத்தனையோ கோடி வருடமாக மாறாத ஏதோ ஒன்று! ஃபோனில் படமெடுத்து, ஆண்டறிக்கையிலும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த அறிக்கை தேறாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து. "போதும் படிச்சது, கம்பெனி வேலைக்குப் போ" என்று அவள் நைனா ஏற்கெனவே சொல்லிக்கினு இருந்தார்.

கருத்தரங்கு நாள் காலையில், கடைசியாக ஒருமுறை பார்க்க உட்கார்ந்தவள் ஸ்லைடை நகர்த்தினாள். செல் நகர்ந்தது, உருண்டை நகரவில்லை. கண் வைக்கும் லென்ஸைத் திருப்பினாள். உருண்டையும் கூடவே சுற்றியது. கழற்றிப் பார்த்தால், அடிக்கண்ணாடியில் காய்ந்த சந்தனம். பூஜையன்று துடைக்கிறேன் பேர்வழி என்று சந்தனக் கையோடு அந்த லென்ஸைக் கழற்றி மாட்டியவளும் நான்தான்.

"சொல்லாத. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவள் லென்ஸைத் துடைத்து மாட்டினாள். மேடையேறியதும் முதல் வார்த்தையே, "சார், நான் எழுதினது தப்பு. அது சந்தனம்." அரங்கமே சிரித்தது. அறிக்கையைப் பரிசீலிக்கும் குழுவின் தலைவர் சிரிக்கவில்லை. "யாரும்மா பூசினது?" என்று கேட்டார்.

"பூஜை எல்லாரும் சேர்ந்துதான் பண்ணோம் சார். தொடச்சிப் பாக்காம எழுதினது நான்."

மூன்றாவது வரிசையில் நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பதிவை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு வருட வேலையையும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். "என் பேரை ஏன்டி சொல்லல?"

"உன் பேரைச் சொன்னா மட்டும் அந்தச் சந்தனம் செல்லுக்குள்ள பூந்துடுமா? கண்ணைத் தொடச்சிக்கோ. மார்க்கெட் மூடறதுக்குள்ள ஸ்லைடுக்கு மீன் வாங்கணும்."