கண்ணாடி அலுமாரியில் சண்டைக்காரர்கள்

மரியகொறற்றி நிற்கும் விதத்தைப் பார்த்தால் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சிரிப்பு வரும். கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் அவள் விரிப்புகளை அயன் பண்ணுகிறாள். இரண்டு காலையும் அகல வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, கண்ணுக்குத் தெரியாத குதிரையில் ஏறி உட்கார்ந்தவள் போல நிற்பாள். "அக்கா குதிரையில வந்துட்டாங்க" என்று கேலி செய்வார்கள். அவள் இறங்குவதில்லை.

அப்படி நிற்க அவள் கற்றுக்கொண்டது சண்டைப் படத்தில். பதினொரு வயதில், மஹய்யாவையில் ஒரு வீட்டில் கோயிலில் முதல் நன்மை எடுத்த பிள்ளையின் விருந்துக்குப் படம் போடும் டெக் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தமிழ்ப் படம் முடிந்து சீனப் படம் போட்டதும், "பொம்பளப் புள்ளைங்க வீட்டுக்குப் போங்க" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். கொறற்றி வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் சாப்பாட்டுக் கடைக்காரி ஒருத்தி ஆட்கள் உட்காரும் வாங்கைத் தூக்கி, தன்னைச் சூழ்ந்த ஆண்களை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்ததும் வாங்கை இருந்த இடத்திலேயே வைத்துத் துடைத்தாள். அடியை விட அந்தத் துடைப்புத்தான் கொறற்றிக்கு மனதில் நின்றது.

பிறகு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தம்பி சுவக்கின் படித்தான். அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மாவைக் கழுவித் துடைத்துக் கரையேற்றி முடித்தபோது கொறற்றியின் கலியாணத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. அவள் ஒரு டீவிடி பிளேயர் வாங்கினாள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட சீடி விற்ற ஸைத் நானா, சண்டைப் படத்தோடு ஒருநாள் ஜப்பான் பொம்மைப் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

"வீட்டுப் புள்ளைகளுக்குக் காட்டுங்க தங்கச்சி."

வீட்டுப் பிள்ளை, சுவக்கினின் மகன் ரொஹான், பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். கொறற்றி திரும்பத் திரும்பப் பார்த்தாள். பனிக்குள் தனியாக ரயில் ஓட்டும் ஒருத்தி, நடுவழியில் நிறுத்தி, சோற்றுப் பெட்டியைத் திறந்து அவசரமில்லாமல் சாப்பிடுகிறாள். ஒரு பொம்பளை நிம்மதியாகச் சாப்பிடுவதை வரைய யாரோ இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். பாஷை தெரியாது. அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைத் துரத்திப் பிடிக்கவும் முடியாது. ஆனாலும் எல்லாம் விளங்கியது.

வருடங்கள் போக, முன் அறையின் கண்ணாடி அலுமாரி சீடிகளால் நிறைந்தது. ஊரே போனில் படம் பார்க்கத் தொடங்கிய பிறகும் அவள் வாங்கினாள்.

ரொஹானுக்குப் பெண் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முந்திய திங்கள் கொறற்றி வேலை முடிந்து வந்தபோது அலுமாரியில் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

"என் சீடி எங்க?"

சுவக்கினின் மனைவி பஸ்லினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என் தம்பி வந்துச்சுங்க மதினி. குடுத்து விட்டுட்டேன். ஹேவாஹெட்டயில போஞ்சிக்காய்த் தோட்டத்துல குருவி தொல்ல. சீடிய கட்டித் தொங்கவிட்டா வெயிலுக்குப் பளபளன்னு ஆடும், கிட்ட வராதாம்."

"என்கிட்ட கேட்டியா?"

"பொண்ணோட அப்பா டீச்சருங்க. வந்து உக்காந்தா மூஞ்சிக்கு நேரா சண்டக்காரனும் பொம்மையும். வீட்டுல ஒரு பெரிய மனுசி இருக்குற லட்சணமா அது?"

சனிக்கிழமைதான் லீவு கிடைத்தது. அதுவரை மழை. சலவைப் பகுதி ஜன்னலில் வழிந்த தண்ணீர் முழுவதும் தன் சீடிகள் மேல் வழிவதாக அவளுக்குப் பட்டது. சனியன்று ஒரு தலையணை உறையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஹேவாஹெட்ட பஸ் ஏறினாள்.

தோட்டத்தில் கம்புக்குக் கம்பு நூல் கட்டி, நடு ஓட்டையில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் எல்லாம் சுழன்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கத்தி ஒன்று கேட்காமல் பல்லாலேயே முதல் நூலைக் கடித்து அறுத்தாள்.

பஸ்லினாவின் தம்பி ஓடிவந்தான். "என்னாங்க அக்கா! பழைய சீடிதானே? இப்ப யாருங்க இத பாக்குறா?"

"நான் பாக்குறேன்."

"சீனாக்காரன் காவல் நின்ன நாளா ஒரு குருவி எட்டிப் பாக்கலைங்க. இப்ப எல்லாம் வந்துருமே."

"வரட்டும். அதுக்கும் வயிறு இருக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கத்தியைக் கொண்டுவந்து எட்டாத கம்புகளில் இருந்ததை அவனே அறுத்துக் கொடுத்தான்.

இரவு கட்டில் மேல் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சிலவற்றின் மேல்தோல் உரிந்திருந்தது. சுவக்கின் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க. அவங்க வர்ற நேரம் மட்டும் அலுமாரி அப்படியே இருக்கட்டும். நீயும் பின்னால இரு."

"ஒரு நாள்னு சொல்லித்தான்டா எல்லாத்தையும் கேட்டீங்க."

அவன் போய்விட்டான். கொறற்றி கோப்பைகளை எடுத்துக் கழுவும் பேசினில் வைத்தாள். சண்டை மேல் தட்டில், பொம்மை கீழ்த் தட்டில். வீட்டிலேயே கிடந்த உறைகளில் போட்டுப் பழைய ஒழுங்கிலேயே அடுக்கினாள்.

ஞாயிறு பெண் வீட்டார் வந்தார்கள். பெண் றொசானா வரவில்லை, அம்மாவும் அப்பாவும்தான். கொறற்றி முன் அறையில் தன் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பஸ்லினா கண்ணைக் காட்டினாள். கொறற்றி பார்க்கவில்லை.

பெண்ணின் அம்மா அலுமாரியைப் பார்த்தாள். "புள்ளைங்களோட படமா?"

"ஆமாங்க, ரொஹான் சின்னதுல..." பஸ்லினா முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க. என்னோடது. மேல சீனாச் சண்ட, கீழ ஜப்பான் பொம்ம."

டீச்சர் சிரித்தார். "இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதாங்க. அந்த வயசுல விடல."

கொறற்றி எழுந்து ஒரு சீடியைப் போட்டாள். ஒருத்தி கம்போடு கூரையில் ஓடிவந்தாள். எதிரே நாலு பேர். அவள் எகிறிக் குதித்தாள். அந்தரத்தில் படம் நின்றது. முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

சுவக்கின் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். கொறற்றி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹேவாஹெட்ட மழையில நனஞ்சது" என்றாள், விருந்தாளிகளைப் பார்த்து. "நேரம் எடுக்கும்."

பஸ்லினாவின் முகம் கறுத்தது. கொறற்றி சீடியை வெளியே எடுத்து, ஊதி, சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டாள். அதே இடத்தில் நின்றது. அவள் அணைக்கவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கம்புக்காரி அந்தரத்தில் தொங்க, எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழுந்துருவாளோ?" என்றாள் பெண்ணின் அம்மா.

"அவளா?" என்றாள் கொறற்றி.

பிளேயர் கிறீச்சிட்டது. கம்புக்காரி இறங்கினாள். முதல் அடி விழுந்த சத்தத்தில் டீச்சரின் சாஸரில் தேத்தண்ணி சிந்தியது.

அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். வாசல் வரை போய்த் திரும்பிவந்த பஸ்லினா வெடித்தாள். "சம்பந்தம் போச்சுன்னா என்னா செய்வீங்க மதினி?"

"ஒரு சீடிக்குப் பயந்து ஓடுறவங்க போகட்டும். நான் இந்த வீட்டுல ஒளிஞ்சு இருக்க மாட்டேன்."

பஸ்லினா கோப்பைகளைக் கழுவிக் கொண்டுவந்தாள். அலுமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் இடமில்லை, கீழ்த் தட்டிலும் இல்லை. சொட்டும் கோப்பைகளோடு சற்று நேரம் நின்றுவிட்டு, குசினிக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

கொறற்றி படத்தை முதலிலிருந்து போட்டாள்.