பூஜைத் தட்டில் இருந்த ரிமோட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களோடு எத்தனையோ பேசியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் தட்டுப்பாடு, பஸ்ஸில் சீட்டுச் சண்டை, பிரதோஷக் கூட்டத்தில் செருப்புத் தொலைத்தது... இதை மட்டும் எழுத உட்காரும்போதெல்லாம் கை நின்றுவிடும். சொந்தக்காரர்கள் விஷயம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதில் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற பயம்.

போன வாரம் அந்தப் பயம் போய்விட்டது. கோபம் மட்டும் பாக்கி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்து இலையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா. அவருக்கு அந்தப் பக்கத்து இலையில் வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். புருஷன் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். பிழைப்புக்காக மாவு மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறாள். திறப்பு அன்றைக்கு அவள் சுவிட்சைத் தொடக்கூடாது என்று இந்த அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே புத்தி சொல்கிறார்.

"சொன்னாக் கேளு தாயி. உங்க அண்ணன் பொண்டாட்டிய விட்டு அமுக்கச் சொல்லு. ராசபாளையத்துல ஒருத்தி இப்படித்தான், எம்புட்டுச் சொல்லியும் கேக்காம மீன் தொட்டி விளக்குல கைய வச்சா. விடியுமுன்ன அம்புட்டும் செத்து மிதந்துச்சு!"

அந்தப் பெண் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் குனிந்தபடி இருந்தாள்.

"மிதக்கலை" என்றேன் நான். "செத்தது மீனு இல்ல, பவளம். பவளம் மிதக்காது. விடியுமுன்ன சாகவும் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ராசபாளையத்துக்காரி நாந்தான்."

அந்த அம்மா என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். வெறுங்கழுத்தைப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "தம்பி, இங்க ரசம்" என்றார். அவ்வளவுதான். ஒருத்தியின் பிழைப்பையே முடக்கப் பார்த்த கதைக்கு அவ்வளவுதான் மரியாதை!

அந்தப் பெண்தான் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "பொறவு நெசமா என்னதான் நடந்துச்சு அக்கா?"

என்ன நடந்தது என்று என்னிடம் முதல் முதலாகக் கேட்டவள் அவள்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகம் போய் வருவார். எங்கள் ஊரில் ஒரு பக்கம் மலை இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, கடல் இல்லையே என்பது அவருடைய குறை. ஒருநாள் மதுரைக் கடையிலிருந்து நாலடிக் கண்ணாடித் தொட்டியை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடல் தண்ணீர்த் தொட்டி. அதில் மீன் இரண்டுதான். பாறையில் ஒட்டி வளர்கிற பவளம்தான் முக்கியம்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைக்காதீர்கள். இது உயிருள்ளது. நம் கடலில் பிடுங்கியதும் இல்லை, அது குற்றம். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்துக் கடைக்கு வந்தது. மெத்து மெத்தென்று, காளான் போல ஒன்று, விரல் விரலாக ஆடுகிற ஒன்று, பச்சையும் ஆரஞ்சுமாகச் சட்டைப் பொத்தான் போல ஒன்று.

ஊரே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது நான் நல்ல தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்குவேன். எதிர்வீட்டில் சிரிப்பார்கள். "என்ன அக்கா, ஊறுகாயா?" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் திடீரென்று நெஞ்சுவலியில் போன பிறகு எல்லோரும் தொட்டியை விற்கச் சொன்னார்கள். விற்கவில்லை. பத்தாவது தாண்டாதவள் நான். கடைத் தம்பியிடம் கேட்டும் போனில் பார்த்தும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். உப்பு அளவு, சூடு, தண்ணீர் மாற்றுவது... காலையில் சாமி விளக்கு ஏற்றிவிட்டு அடுத்தது தொட்டி விளக்குதான். சுருங்கிக் கிடந்ததெல்லாம் வெளிச்சம் பட்டதும் மெல்ல விரியும். அதைப் பார்க்காமல் நான் காபி குடித்ததில்லை. அவர் போன வீட்டில் எனக்காக விடிந்தது அது ஒன்றுதான்.

பழைய டியூப் லைட்டுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஒவ்வொன்றாகப் போயின. அந்த மாதிரி டியூப் இப்போது கிடைப்பதில்லை. புதிதாக எல்.இ.டி. விளக்கு வாங்கினேன். கூரையில் கொக்கி அடித்துக் கம்பியில் தொங்கவிடுவது. கூடக் குறைய வைக்க ஒரு ரிமோட். கடைத் தம்பி படித்துப் படித்துச் சொன்னான். "அக்கா, பழைய லைட்டு வேற, இது வேற. இது சூரியன் மாதிரி. முதல்ல ரொம்பக் குறைச்சு வைங்க. வாரத்துக்கு ஒருக்க கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரேயடியா ஏத்துனா வெந்துரும்."

ஏன் என்றால், இந்தப் பவளம் தன் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசியை வைத்துக் குடித்தனம் நடத்துகிறது. பாசி வெளிச்சத்தில் சமைத்துப் போடும், பவளம் சாப்பிடும். வெளிச்சம் தாங்க முடியாமல் போனால் அந்தப் பாசியே விஷமாகிவிடும். பவளம் அதை வெளியே தள்ளிவிடும். பிறகு சமைத்துப் போட ஆளில்லை. வெளுத்து, பட்டினியில் சாகும்.

எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கை மாட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் புதுப்பெண் மாப்பிள்ளை விருந்துக்கு என் மதினி — எங்கள் வீட்டுக்காரரின் அக்கா — ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மதினி, அவர் வீட்டுக்காரரான அண்ணாச்சி, மகன், கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத மருமகள்.

எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்து, "அக்கா, போட்டுப் பாருங்க" என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினான். மதினி நடுவில் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"ஏட்டி சுப்பு, வெள்ளிக்கிழமை, நல்ல நேரம், புது விளக்கு. வீட்டுக்குப் புதுப்பொண்ணு வந்திருக்கு. அவ கையால ஏத்தட்டும். நீ செத்த நேரம் உள்ள இரு."

'உள்ள இரு.' புருஷனைப் பறிகொடுத்த ஒவ்வொருத்திக்கும் இந்த இரண்டு வார்த்தையும் தெரியும். எத்தனை விசேஷத்தில் கேட்டிருப்போம்? சரி, தாலிக்கயிறு எடுத்துக் கொடுக்கிற இடத்தில்தான் நிற்கவேண்டாம் என்கிறார்கள். மீன் தொட்டிக்குமா?

நான் சும்மா போகவில்லை. "மதினி, யாரு வேணா போடட்டும். ஆனா குறைச்சு வைக்கணும். கூட்டக் கூடாது" என்றேன்.

மதினிக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் வீடுகளில் விளக்கை அணை என்றுகூடச் சொல்லமாட்டோம். குளிர வை என்போம், மலையேற்று என்போம். புது விளக்கு ஏற்றுகிற நேரத்தில், அதுவும் நான், குறை என்கிறேன்!

"நல்ல நாளும் அதுவுமா உன் வாயில வாரதப் பாரு! விளக்கக் குறைக்கணுமாம்ல!"

அடுப்பில் கூட்டு அடிப்பிடிக்கிற வாசனை. உள்ளே ஓடினேன். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி குரல் கேட்டது.

"என்ன இது, மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மினுக்கு மினுக்குங்கு? பிளஸ்ஸ அமுக்கு தாயி. இன்னும்... இன்னும்... அடேங்கப்பா! சினிமா தியேட்டர் மாதிரில இருக்கு!"

கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். தொட்டி உச்சி வெயிலாக எரிகிறது. "மதினி, அது தாங்காது! ரிமோட்டக் குடுங்க" என்று கையை நீட்டினேன். மதினி தரவில்லை. ரிமோட்டுக்குக் குங்குமம் வைத்து, பூ வைத்து, சாமி அறையில் பூஜைத் தட்டில் வைத்துவிட்டார். பொழுதடைந்து வீட்டு விளக்கு வைக்கிற வரைக்கும் புது விளக்கைத் தொடக்கூடாதாம்.

ரிமோட்டுக்குக் குங்குமம்! எனக்குத்தான் இல்லை, அதற்காவது கிடைத்ததே...

இலை போட்டுப் பரிமாறினேன். பாயசம் ஊற்றும்போது ஒருமுறை கேட்டேன். "சாப்பாட்டு நேரத்துல பேச்ச எடுக்காத" என்றார் மதினி. வெற்றிலை வைக்கும்போது மறுபடி கேட்டேன். "மீனு என்ன, உன்கிட்ட வந்து சொல்லுச்சா?" என்று அண்ணாச்சி சிரித்தார். மீன் இரண்டும் பாறைப் பொந்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தன. விரல் விரலாக ஆடுகிறது ஈரத் துணியைப் பிழிந்து போட்ட மாதிரி கிடந்தது. பொத்தானெல்லாம் இறுக மூடிவிட்டன.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேராகச் சாமி அறைக்குப் போனேன். சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு. தட்டில் இருந்த பூவை ஒதுக்கிவிட்டு ரிமோட்டை எடுத்தேன்.

"தொட்டுட்டா! ஏங்க, தொட்டுட்டா பாருங்க!" என்று மதினி அலறினார்.

நான் தொட்டி முன்னால் நின்று மைனஸை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் புதுப்பெண் மட்டும் கிட்டே வந்து, "அத்தை, நான் எதுவும் தப்பாப் பண்ணிட்டேனா?" என்றாள். கண்ணில் தண்ணீர்.

"இல்லம்மா. நீ அவங்க சொன்னதைத்தான செஞ்ச" என்றேன்.

ஆனால் முக்கால் பகல் போய்விட்டது. அடுத்தடுத்த நாளில் பச்சை போனது, ஆரஞ்சு போனது. ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு கரைந்து வழிய ஆரம்பித்தது. கடலோரத்தில் ஏதோ அழுகிக் கிடக்கிற நாற்றம் வீடு முழுக்க. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். செத்ததைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். அவர் கையால் பாறையில் ஒட்டவைத்த முதல் காளான் பவளம் என் விரலில் சளியாக வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மதினிக்கு விஷயம் தெரிந்து போன் செய்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல? நீ கைய வச்ச... அம்புட்டும் போச்சு!"

எப்படி இருக்கிறது? கூட்டினது ஒரு கை, கூட்டச் சொன்னது ஒரு வாய். காப்பாற்றப் போன கைக்குப் பழி!

அந்தத் தொட்டியில் எல்லாமே சாகவும் இல்லை. பாறைக்கு அடியில், நேர் வெளிச்சம் படாத இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் பொத்தான் பவளம் நன்றாக இருந்தது. போனிலேயே மதினியிடம் கேட்டேன். "அதே தண்ணி, அதே உப்பு, அதே என் கை. வெயில்ல நின்னது செத்துச்சு, நிழல்ல இருந்தது பிழைச்சிருக்கு. என் கைதான் காரணம்னா அது மட்டும் எப்படி மதினி பிழைச்சுது?"

"அது சாமி விட்டு வச்சது" என்றார்.

நல்லது நடந்தால் சாமி. கெட்டது நடந்தால் தாலியில்லாதவள். இடையில் பிளஸ்ஸை அமுக்கச் சொன்னவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்!

சாமி இல்லை என்று சொல்கிற ஆள் நான் கிடையாது. உங்களுக்கே தெரியும். எந்தப் பிரதோஷமும் விட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாதர் சன்னதியில் நின்று அழாத கஷ்டம் என் வாழ்க்கையில் இல்லை. பிரசவ வலியில் துடித்த ஒருத்திக்குத் தாய் வந்து சேரவில்லை என்று, தானே தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமி அவர். அந்தச் சாமி தீட்டுப் பார்த்தாரா? நல்ல நேரம் வரட்டும், நீ செத்த நேரம் பொறு என்றாரா? அந்தச் சாமியின் பேரைச் சொல்லித்தான் என்னை உள்ளே இரு என்றார்களே... அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பவளம் போனதைவிட.

பிழைத்த பொத்தானை வைத்துத் திரும்ப ஆரம்பித்தேன். அதே விளக்குதான். முதலில் மங்கலாக, வாரா வாரம் ஒரு துளி ஏற்றி, ஏற்றி... இன்றைக்குப் பாறை நிறையப் படர்ந்திருக்கிறது. அதே கைதான் தினமும் போடுகிறது. அதைப் பற்றி எந்தப் பந்தியிலும் யாரும் பேசக் காணோம்!

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பத்தியைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். யாரையாவது "உள்ள இரு" என்கிற இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். ஒரே ராத்திரியில் செத்தது என்று ஜோடிக்க வேண்டாம். சாமி வந்து காப்பாற்றினார் என்று எனக்குச் சாதகமாகவும் ஜோடிக்க வேண்டாம். வெளிச்சம் அதிகமானது, அளவு தெரிந்தவள் அடுப்படியில் இருந்தாள். நடந்தது அதுதான். மதினியை ராட்சசி ஆக்காதீர்கள். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தப் புதுப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வரக்கூடாது.

மதினி பேர் என்ன என்று யாராவது கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ராசியில்லாதவள் யார் என்று கேட்டால் மட்டும் — சுப்புலட்சுமி, ராஜபாளையம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.