நான் காவலுக்கு வைத்த ஆள்

எங்கள் பக்கத்தில் பூட்டுக்கு ஆயுசு ஒரு மழைக்காலம்தான். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீடுகளில் இரும்பென்று பெயர் பெற்ற எதுவும் காற்றிடம் தோற்றுப்போகும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் செந்தூள் ஒட்டும். கதவின் கீல் காலையில் ஒரு குரலிலும் மாலையில் வேறொரு குரலிலும் அழும். மஸ்கட்டுக்குப் புறப்படும் முன்பு திண்டிவனத்திலிருந்து அப்பா வாங்கி மாட்டிய பெரிய பூட்டு, மறு வருஷமே வாயை இறுக்கிக்கொண்டு சாவியை ஏற்க மறுத்தது. அம்மா அதைக் கருங்கல்லால் அடித்து உடைத்தாள். அதன் பிறகு எங்கள் கதவு ஒரு கயிற்றை நம்பி நின்றது.

அப்பா போனபோது எனக்கு நான்கு வயது. நான் சொல்ல வந்த கோடையில் ஒன்பது. சுனாமி வந்து போன அடுத்த கோடை அது. குப்பத்துப் பக்கம் நிவாரண லாரிகள் வந்துகொண்டே இருந்தன. லாரிகளோடு யார் யாரோ வருகிறார்கள் என்றும் பேச்சு இருந்தது. ஒரு வீட்டில் அண்டா போனது, இன்னொரு வீட்டில் டேப் ரிக்கார்டர் போனது. இரண்டுமே பட்டப்பகலில். உப்பளத்து ஊருக்கு நடுப்பகல்தான் நடுநிசி என்பதை எவனோ தெரிந்து வைத்திருந்தான். விடியும் முன்பே அளத்தில் இறங்குகிறவர்கள் பதினொரு மணிக்குக் கரையேறி, தண்ணீர் ஊற்றின கஞ்சியைக் குடித்துவிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள். அந்த நேரத்தில் ஊர் முழுக்க விழித்திருப்பவை வெயிலும் உப்பும் மட்டும்.

அம்மாவும் அப்படித்தான் தூங்குவாள். எங்கள் வீடு அளத்தின் ஓரத்தில் ஊரை விட்டுத் தள்ளி, வேலிக்காத்தான் முள்ளை வளைத்துக் கட்டிய வேலிக்குள் இருந்தது. அப்பா வெளிநாட்டில் இருப்பதால் உள்ளே பொன்னும் பொருளும் குவிந்திருக்கும் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையைத் தவிர எங்களிடம் பெரிதாக எதுவும் இல்லை.

வழி சொன்னது பக்கத்து வீட்டு பாயம்மா. கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே வாழ வந்தவர். அவர் வீட்டுக்காரரும் வெளிநாட்டில்தான், சவுதியில்.

"ஏன்டி பயப்படுற? எங்க ஊர்ல பாதி வூட்ல ஆம்பள கிடையாது. ஆனா ஆம்பள செருப்பு இல்லாத வாசல் ஒண்ணு காட்டு பாப்போம். நாய் வளத்தா சோறு கேக்கும். செருப்பு கேக்குமா?" என்று சொல்லித் தன் வீட்டுக்காரரின் பழைய தோல் செருப்பைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார். கூடவே ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. "இத தெனம் நனைச்சு காயப் போடணும். செருப்பு ஒரே எடத்துல கெடக்கக் கூடாது, மாத்தி மாத்திப் போடணும். அந்த மனுசன் இங்க இருந்தப்பவே இதவிட ஒண்ணும் பெருசா காவல் காத்ததில்ல."

அம்மா சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். சிரித்துவிட்டு, வேலையை என்னிடம் கொடுத்தாள். பள்ளிக்கூடம் லீவு.

முதல் வாரம் சொன்னதை மட்டும் செய்தேன். பிறகு எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. செருப்பை நேராக வைத்தால் அது வெறும் செருப்பு. ஒன்றை லேசாகக் கவிழ்த்து, இன்னொன்றை ஒரு சாண் தள்ளி விட்டால், அவசரமாக உள்ளே போன ஒரு மனிதர். இடது செருப்பில் கொஞ்சம் சேறு அப்பினால், காலையில் அளத்துக்குப் போய் வந்தவர். டீக்கடை வாசலில் பீடித் துண்டுகள் பொறுக்கி வந்து படியோரம் போட்டேன். வேப்பமரத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்றைச் செருகி, அதன் கீழே சோப்பு நுரை கொஞ்சம் தடவி வைத்தேன். இப்போது அவர் சவரம் செய்துகொண்டவர். உயரமானவர். செருப்பு அவ்வளவு பெரியது. கோபக்காரர், ஆனால் என்னிடம் இல்லை. மத்தியானங்களில் அம்மா தூங்கும்போது, வாசற்படியில் எனக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளை வெளேரென்று விரிந்த உப்புப் பாத்திகளைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் காவல் காப்போம். மாதத்துக்கொரு முறை டெலிபோன் பூத்தில், கடலுக்கு அடியிலிருந்து வருவது போன்ற குரலில் "நல்லா படிக்கிறியா?" என்று மட்டும் கேட்கும் அப்பாவைவிட இவரை எனக்கு நன்றாகத் தெரியும். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

மே மாதம் பாதி தாண்டியிருக்கும். ஒரு நாள் உச்சி வெயிலில், ரோட்டுப் பக்கத்திலிருந்து வரப்பின் மேல் ஒரு ஆள் வந்தார். கானல் அவர் கால்களைத் தின்றிருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் காற்றில் மிதந்து வந்தார், தோளில் பெரிய பை. கிட்டே வரவர முட்டி முளைத்தது, பாதம் முளைத்தது. வேலியில் கதவாகக் கட்டியிருந்த படலுக்கு வெளியே வந்து நின்றார். தலையில் பாதி முடி இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தார். அன்றைக்குச் செருப்பை நான் மிக அழகாக விட்டிருந்தேன். லுங்கியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"வூட்ல யாரும்மா இருக்காங்க?"

"எங்கப்பா இருக்காரு. தூங்குறாரு."

படலில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். இடது காது மடலைப் பிடித்து இழுத்து விட்டார்.

"யாரு?"

"எங்கப்பா. எழுப்புனா அவருக்குக் கோவம் வரும்."

"அப்பா… எப்ப வந்தாரு?"

"எங்க போனாரு வர்றதுக்கு? எப்பவும் இங்கதான் இருக்காரு."

மறுபடியும் காதை இழுத்துக்கொண்டார். படியோரத்துப் பீடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருடன் நோட்டம் விடுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் ஆள் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை, எங்கள் கயிற்றுக் கதவின் மேல்கூட எனக்கு இருந்ததில்லை.

"ஒன்ன நல்லா பாத்துக்குறாரா?"

"தெனம் தோள்ல தூக்கினு கால்வாய் வரைக்கும் போவாரு. நான் கேட்டா எதுவும் இல்லன்னு சொல்ல மாட்டாரு."

அந்த ஆள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார்.

யார் வந்தாலும் படலைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். "கொடம் காலி" என்றேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் பொய் என்று எனக்குப் பட்டது அது ஒன்றுதான்.

"சரிம்மா. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தார். கானல் அவர் பாதங்களை எடுத்துக்கொண்டது, பிறகு முழங்கால்களை. பை மட்டும் கொஞ்ச தூரம் தனியாக மிதந்து போனது.

வெற்றியைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா? உள்ளே ஓடி அம்மாவை உலுக்கினேன்.

"எம்மா, திருடன் வந்தான்மா. நானே தொரத்திட்டேன்."

"ம்… எப்பிடி இருந்தான்?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சொட்டத் தல. பெரிய பை. அப்பா தூங்குறாருன்னு சொன்னேன், பயந்துட்டான். பேசுறப்ப இந்தக் காதப் புடிச்சு இழுத்து இழுத்து வுட்டான்."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எந்தக் காத?"

நான் தொட்டுக் காட்டினேன்.

அடுத்த நொடி அவள் வீட்டில் இல்லை. படலைத் திறந்தாளா, பிய்த்துக்கொண்டு போனாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் வாசலுக்கு வந்தபோது அவள் வரப்பில்கூட ஓடவில்லை. நேராகப் பாத்திகளுக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். உப்புப் பூக்கும் பாத்தியில் கால் வைப்பது எங்கள் ஊரில் சாப்பாட்டில் கால் வைப்பதற்குச் சமம். ஒரு தடவை பந்து எடுக்கப் பாத்தியில் ஒரே ஒரு கால் வைத்ததற்கு, இதே அம்மா என்னை விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள். அவள் முடி அவிழ்ந்து பறந்தது. காலுக்கடியில் வெள்ளை உடைந்து, கறுப்புச் சேறு பூப்பூவாக மேலே வந்தது. பாத்தி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வானமும் தரையும் ஒன்றுபோல் பளிச்சென்றிருந்த அந்த வெயிலில், அவள் ஓடுகிறாளா பறக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

ரோட்டில் பாண்டிச்சேரி பஸ், தீப்பெட்டி அளவுக்கு, வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நான் வரப்பிலேயே ஓடினேன். அம்மா செய்ததைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அம்மா இன்னும் ரோட்டுக்கு ஏறவில்லை. பஸ் நிழற்குடைக்கு முன்னால் நின்றது. நின்று, நிழற்குடையை மறைத்தது. அப்புறம் அம்மாவையும் மறைத்தது. கொஞ்ச நேரம் உலகத்தில் ஒரு பஸ்ஸும் நானும்தான் இருந்தோம். விசில் ஊதி அது நகர்ந்தபோது பின்னால் புழுதி மட்டும் இருந்தது. புழுதி அடங்க அடங்க, முதலில் ஒருவர் தெரிந்தார். பிறகு இரண்டு பேர்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா மூச்சிரைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். "யோவ், வாசல்ல கெடந்த செருப்பப் பாத்தியே, என் கால நீ பாத்தியா? அஞ்சு வருசம்யா! இந்தக் கால நீ பாத்தியா?"

அவள் பாதத்தில் சேறும் உப்பும் ரத்தமும் ஒன்றாக இருந்தன. அந்த ஆள் குனிந்து பார்த்தார். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ல ஏறிட்டேன்டி" என்றார் அம்மாவின் கால்களிடம். "கண்டக்டரு எங்க போவணும்னு கேட்டான். எனக்கு ஒரு ஊர் பேருகூட வாய்ல வரல. எறங்கிட்டேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இதான்டி ஒங்கப்பா."

நான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இவர் ரொம்பக் குள்ளம்.

அங்கே வேலை போய்விட்டதாம். போன் பண்ணிச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாராம். பாயம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, ஒங்க வூட்டுக் காவல் எப்பிடி? ஒங்களையே வுடல பாத்தீங்களா!" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக. நான்கு பாத்தி உப்பைக் கலக்கியதற்கு அளத்து மேஸ்திரி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் விடியும் முன்பு அந்தப் பாத்திகளைச் சரி செய்ய அம்மாவோடு அப்பாவும் இறங்கினார். செருப்பும் லுங்கியும் பாயம்மா வீட்டுக்குத் திரும்பின.

ஆனால் என் ஆள் அவ்வளவு சுலபத்தில் போகிறவரா? அவரைப் போகவிடாமல் வைத்திருந்தது, ஆச்சரியம், அப்பாதான். விளக்கு வைக்கும் நேரத்தில் என்னை மட்டும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார்.

"அவரு வேற இன்னா பண்ணுவாரு, சொல்லு."

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவளுக்கு அது போதாதா? அவிழ்த்து விட்டேன். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். பாம்பை வெறுங்கையால் பிடிப்பார். சந்தையிலிருந்து அம்மாவுக்குக் கதம்பம் வாங்கி வருவார். கதம்பம் என்றதும் அப்பாவின் கை காதுக்குப் போகும். "எந்தக் கெழம?" என்பார். "நெசமா, இல்ல நீயா சொல்றியா?" என்பார் சில நாள். நான் இரண்டுக்கும் தலையாட்டுவேன். எனக்கு அதில் வித்தியாசம் தெரியாது. கதை கேட்கும் ஆசை ஒரு பெரிய மனிதருக்கு இப்படி இருக்குமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சிரித்து முடித்த பிறகும் அவருக்குள் ஏதோ ஒன்று வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது என்பதை நான் எப்படி அறிவேன்?

அம்மா அறிந்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து அவள் எங்களைக் கூப்பிட்டதே இல்லை. பாத்திரங்களின் சத்தம் மட்டும் திடீரென்று நின்றுபோகும்.

அப்படி ஒரு மாலை. கழுவெளி ஏரிப் பக்கம் போன பறவைகளெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன. வானம் உப்பு நிறத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அவரு அம்மாகிட்ட இன்னா பேசுவாரு?" என்றார்.

நான் திகைத்தேன். இத்தனை செய்து வைத்த நான், அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுத்ததில்லை. அவர் அம்மாவிடம் பேசி நான் கேட்டதே இல்லை. என் ஆள், நான் விழித்திருக்கும்போது மட்டும் இருப்பவர். அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணும் பேச மாட்டாரு. அவரு வர்றப்பல்லாம் அம்மா தூங்கிடும். வேல செஞ்ச அலுப்பு. எழுப்பக் கூடாதுன்னு அவரு வெளியவே ஒக்காந்திருப்பாரு."

அப்பா என்னைப் பார்த்தார். காதுக்குப் போன கை பாதியிலேயே நின்றது. பிறகு எழுந்து அடுப்படிக்குள் போனார். உள்ளே பாத்திரங்களின் சத்தம் நின்றது. அப்புறம் அம்மாவின் குரல் மட்டும், தணிந்து, நிற்காமல், பேசிக்கொண்டே போனது. ஐந்து வருஷத்தையும் முதலிலிருந்து சொல்வது போல. அப்பாவின் குரல் கேட்கவே இல்லை.

எனக்குக் கோபமான கோபம். பாம்பு திரும்பி வந்த கதை அடுத்ததாக இருந்தது. அதைக் கேட்காமலே ஒரு மனிதர் எழுந்து போனால்? மறுநாள் சாயங்காலம் நானே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தேன். அப்பா வரவே இல்லை. அப்பாவுக்கு என் கதை பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அந்தக் கோடை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.