மழை வரும் என்று சொன்னேன்

மழை வாசம் வந்தால் மனசு குளிரும் என்பார்கள். எனக்குக் குளிராது. மேகம் திரண்டு, காற்று நின்று, மண் வாசம் எழும்போது பக்கத்து வீட்டார் துணி எடுக்க மாடிக்கு ஓடுவார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வயசுக் கோளாறு என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும். என் அக்காவின் கிணற்றைக் கெடுத்தவன் நான். அது அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே பதினோரு வருஷம் ஓட்டினேன். இதை எந்தக் கோளாறில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

ஆம்பூருக்கு வெளியே, மாதனூர் போகிற பக்கம், ஆற்றோரம் இருந்த ஒரு டேனரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்துக்குத் தோல் தொழில் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்னைக் கேட்டால் வெயில் கொண்டுவந்தது. கொட்டகைக்குள் தொங்கவிட்ட தோலைக்கூடக் காயவைத்துவிடும் வெயில் எங்களுடையது. பாலாறு வறண்டு கிடந்தாலும் மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறும். தோலைப் பதப்படுத்த அந்தக் காலத்தில் பட்டை கொடுத்த ஆவாரஞ்செடி, வேறெதுவும் முளைக்காத கரட்டில் தானாக முளைக்கும். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பழைய ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். மழை பொய்த்த வருஷங்களில் மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்தனவாம். தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கியதாம். பல கிடங்குகள் அப்போது எழுந்தவைதானாம். ராஜாக்களும் சண்டைகளும் சேர்ந்து சரித்திரத்தை உண்டாக்கியதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் ஊர் சரித்திரம் மழை வராமல் போனதில் தொடங்கியது. என் சொந்தச் சரித்திரமும் அப்படித்தான்.

டேனரியில் கழிவுத் தண்ணீர்த் தொட்டி என் பொறுப்பு. தோலைக் கழுவிய உப்பும் சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்த தண்ணீர் அதில் வந்து நிற்கும். சட்டப்படி அது குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் போனது. சில நாள் மோட்டார் ரிப்பேர் ஆகும், சில நாள் வேலை ஜாஸ்தியாகித் தொட்டி விளிம்பு வரை தளும்பும். அப்போது எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்ப்போம். பெருமழை வந்தால் ஆற்றில் தண்ணீர் இறங்கும். அந்த நேரம் பின்பக்க வால்வைத் திறந்துவிட்டால் கழிவு வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும். ஆனால் மழை தொடங்கிய பிறகு திறக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றால் ஊரே கரையில் வந்து நிற்கும். அதனால் மழைக்குக் கொஞ்சம் முன்னாலேயே திறக்க வேண்டும். முன்னாலேயே திறக்க வேண்டுமென்றால், மழை வருமா வராதா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான். எனக்கு ஜோசியம் தெரியாது, உப்பு தெரியும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். நாள்பட்ட அடுக்கில் உப்பு காய்ந்து மொறமொறவென்று இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால், மழைக்கு அரை நாள் முன்பே அது கசியத் தொடங்கும். கை வைத்தால் பிசுபிசுக்கும். போனில் வானிலை பார்க்கிறவர்கள்கூடக் கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டதுண்டு. அக்கா என்னை மழைக்காரன் என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

அந்த ஐப்பசியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரம், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாப்பா, இன்னிக்கு வருமா வராதா? தொட்டி வழியுது.”

“பாத்துட்டு வர்றேன் சார்.”

ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. கிடங்குக்குள் நுழைந்தேன். பழைய அடுக்கு கோடியில் இருந்தது. வழியெல்லாம் மூட்டைகள். பசி வேறு. வாசலோரம் இருந்த அடுக்கில் கையை வைத்தேன். உள்ளங்கை நனைந்து சொட்டியது. இவ்வளவு கசிவை நான் பார்த்ததே இல்லை.

“ரெண்டு மணி நேரத்துல ஊத்தும் சார். தெறந்துடலாம்” என்றேன். என் கையாலேயே வால்வுச் சக்கரத்தைத் திருகினேன்.

மழை வரவில்லை. மூன்று மணிக்கு வெயில் அடித்தது. தொட்டி காலியாகிவிட்டிருந்தது. சாயங்காலம் லோடு இறக்குகிற ஆளிடம், உப்பு அப்படிக் கசிந்ததே, மழையைக் காணோமே என்று அலுத்துக்கொண்டேன்.

“வாசலாண்ட கீற அடுக்கா? அது காலைல எறக்குனதுப்பா. தண்ணி விடாம இன்னா பண்ணும்?” என்றான்.

புதிதாக உப்புப் போட்ட தோல் சில நாளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டேதான் இருக்கும், வானம் எப்படி இருந்தாலும். டேனரி வாசலை மிதித்த முதல் வாரத்திலேயே யாரும் கற்றுக்கொள்கிற விஷயம் அது. பெருமை கண்ணை மறைத்தது, பசி மிச்சத்தை மறைத்தது.

அக்காவின் நிலம் டேனரிக்கு ஒரு மைல் கீழே, ஆற்றங்கரையில். தென்னை, கொஞ்சம் நெல், இரண்டு பசு. நாலு பக்கமும் கல் கட்டிய கிணறு. கோடையில் அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்து நிற்கிற கிணறு. அதை ஒட்டி ஆற்றுக்குள் மணல் லாரிக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. மறுநாள் காலை வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். காய்ந்த மணலில் ஒரு மைல் இறங்கி வந்த என் தண்ணீர், அந்தப் பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் நுரை கட்டி நின்றது. ஒரு நாய் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நானும் திரும்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் அது அங்கேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கியது. தை மாதம் அக்கா போன் செய்தாள்.

“டீ போட்டா பால் திரிஞ்சு போவுதுடா. பருப்பு வேவவே மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது.”

பிறகு தென்னை மட்டைகள் பழுத்துத் தொங்கின, குரும்பை கொட்டியது. நெல் நட்ட இடம் வெள்ளை பூத்தது. பசுக்களை மாமா விற்றுவிட்டு ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். டீச்சருக்குப் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா மகள், காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறினாள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வர இரண்டு வருஷம் ஆனது.

அக்கா பழியை வானத்தின் மேல் போட்டாள். “மழை பேஞ்சிருந்தா ஊத்து நல்லா இருந்திருக்கும். வானம் கெடுத்துடுச்சு” என்பாள். டேனரித் தண்ணியாக இருக்கும் என்று பக்கத்து நிலத்துக்காரர் ஒருமுறை வாயெடுத்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா சீறிவிட்டாள்.

“என் தம்பி அங்கதான வேலை செய்யறான்? அப்டி இருந்தா எங்கிட்ட சொல்ல மாட்டானா?”

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் கழுத்து கூசுகிறது. வானத்துக்கு வாய் கிடையாது, மறுத்துப் பேசாது. பஞ்சம், வறட்சி, பொய்த்த மழை என்று புத்தகங்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். வானத்தின் கணக்கில் எழுதப்பட்டதில் எவ்வளவு என்னைப் போன்றவர்கள் செய்ததோ?

ஒரு தொட்டித் தண்ணீரால் ஒரு கிணறே கெடுமா என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கியதும் உண்டு. கெட்டதே. பார்த்தேனே. தூறல் போட்டால் போதும், எங்கிருந்தோ வால்வுச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன், எங்கள் வீட்டுக் குழாய்கூடச் சொட்டிக்கொண்டிருக்காது. ஓய்வு பெற்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.

பதினோராவது வருஷம் உண்மையான மழை வந்தது. விடாமல் பெய்தது. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பிள்ளைகள் அதுவரை அந்த ஆற்றில் கிரிக்கெட் விளையாடித்தான் பார்த்திருந்தார்கள், தண்ணீர் பார்த்ததில்லை. ஜனங்கள் மஞ்சளும் பூவும் கற்பூரமுமாகக் கரைக்கு வந்தார்கள். அக்கா போனில் கத்தினாள், “ஓடியாடா, ஆறு வந்துடுச்சு!”

போனேன். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். அவளை அவ்வளவு சின்னப் பெண்ணாக நான் பார்த்து நாளாகிவிட்டிருந்தது.

“இவ்ளோ தண்ணி வந்துச்சே, இனிமே நம்ம கெணறு சரியாய்டும் இல்ல? தென்னங்கன்னு வெக்கலாம்னு மாமா கேக்கறாரு. நீ சொல்லு மழைக்காரா, நீ சொன்னா சரி.”

சரியாகிவிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை.

“கெணத்தக் கெடுத்தது மழை இல்லக்கா. நான்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கு, வால்வு, பள்ளம். ஆற்றின் இரைச்சலில் பாதி அவள் காதில் விழாதோ என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது. எல்லாமே விழுந்தது. அவள் திட்டவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உனுக்கு எப்ப தெரியும்?”

“மறுநாளே.”

எதையோ நினைத்து நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“அந்த ரெண்டு வருஷமும் நீ எங்க வூட்டுக்கு வர்றப்பல்லாம் பாட்டில்ல தண்ணி எடுத்துனு வருவியே. டாக்டரு காச்சுன தண்ணிதான் குடிக்கச் சொன்னாருன்னு சொல்லுவியே.”

“ஆமாக்கா.”

“நாங்க குடிச்சுனு இருந்தோம்.”

பாட்டில் விஷயத்தை நான் உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. பாருங்கள், என் புத்தி அப்படி.

அவள் கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு சண்டை, சச்சரவு எதுவும் இல்லை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுகிறாள், நானும் போகிறேன். வாசலில் பார்த்ததும் வாடா என்கிறாள். பாய் விரித்து, இலை போட்டு, சோறு பரிமாறுகிறாள். வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுகிறாள். தண்ணீர் மட்டும் வைப்பதில்லை.